ரோக்ஃபோர்-சுர்-சூல்ஸோன்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுக்கு ஓர் ஊர் என்ற வழக்கப்படி, நம் நிலவியல் - வரலாற்று வட்டம் இம்முறை எடுத்துக்கொண்டது தென் பிரான்சின் அவேரோன் மாவட்டத்திலுள்ள ரோக்ஃபோர். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். சீஸால் பேர்பெற்றது என்பது தெரிந்ததே. கூட்டங்களில் நாம் அதிகம் பேசியது அந்த சீஸுக்கு இடம் கொடுத்த மலைச்சரிவைப் பற்றி.

கோம்பாலு மலையில் மேலே சுண்ணாம்புப் பாறை, அடியில் களிப்படுகை. அடிப்படுகை வழுக்கியதால் வடக்கு விளிம்பு உடைந்து சரிந்தது. சுமார் 2 கி.மீ. நீளம், 300 மீ. அகலத்துக்குப் பாறைக் குவியல். ஊர் அதன்மேல்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாறைகளுக்கு நடுவே ஓடும் பிளவுகளுக்கு அங்கே ‘ஃப்ளெரின்’ என்று பெயர். ஈரப்பாறைகளைத் தொட்டு வரும் காற்று அவற்றின் வழியே சீஸ் பழுக்கும் குகைகளுக்குள் இறங்குகிறது. வெப்பம் 8 முதல் 12 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டி. பிளவின் வாயில் கதவு வைத்து, திறப்பதிலும் மூடுவதிலும்தான் வேலைத்திறமை. காற்று வறண்டால் சீஸின் மேற்பரப்பு காய்ந்துபோகும். சூடேறினால் அதில் வளரும் நீலப் பூஞ்சை கட்டுமீறும்.

லக்கோன் இனச் செம்மறியாட்டின் காய்ச்சாத பால்தான் சேர்க்க வேண்டும். சுமார் 20 செ.மீ. விட்டமுள்ள சீஸ் வட்டு இரண்டரை, மூன்று கிலோ எடை. உப்புத் தடவியபின் ஊசிகளால் துளையிடுகிறார்கள். உள்ளிருக்கும் கரியமில வாயு வெளியேறிக் காற்று புகுந்தால்தான் நீலப் பூஞ்சை வளரும். துளை அடைத்துக்கொண்டால் நடுப்பகுதி வெள்ளையாகவே நின்றுவிடும். குகையில் மேலுறையின்றிக் குறைந்தது இரண்டு வாரம். பிறகு காற்றுப் புகாத தாளில் சுற்றிக் குளிரில் வைத்து வளர்ச்சியைத் தணிக்கிறார்கள். செய்த நாளிலிருந்து 90 நாள் ஆகாமல் விற்பனைக்கு வராது.

இந்த சீஸ் பிறந்த விதமாகச் சொல்லப்படும், குகையில் ரொட்டியையும் சீஸையும் மறந்துவிட்டுப் போன ஆட்டிடையன் கதையை நம் பதிவேட்டில் சேர்க்கவில்லை. சேர்த்தவை ஆவணங்கள்: 1411இல் ஆறாம் சார்ல் மன்னர் ஊராருக்கு அளித்த தனியுரிமை, 1666இல் துலூஸ் நீதிமன்றம் போலிகளுக்கு எதிராகப் பிறப்பித்த ஆணை, சீஸின் பெயரைக் காக்கும் 1925ஆம் ஆண்டுச் சட்டம். நம் புவிசார் குறியீடு போன்ற அந்தக் காப்பு, பிரான்சில் முதலில் கிடைத்த சீஸ் இதுதான். 1961இல் அருகிலுள்ள மில்லோ நகர நீதிமன்றம், கோம்பாலு சரிவின் குகைகளில் பழுத்தால்தான் அந்தப் பெயர் என்று உறுதிசெய்தது. ஆக, மண் சரிந்த எல்லையே சட்ட எல்லையும் ஆயிற்று. இப்படி இன்னோர் ஊரைக் காட்டுவது கடினம்.

ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டின் இறைச்சியை ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்ய மறுத்த தகராறில் 1999இல் அமெரிக்கா இந்த சீஸுக்கு 100 சதவீத வரி போட்டதும், அதை எதிர்த்து அதே ஆண்டு ஆகஸ்டில் மில்லோவில் கட்டுமானத்திலிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையை விவசாயிகள் பிரித்ததும் கடைசிக் கூட்டத்தில் பேசப்பட்டன. நேரம் போதாமல் பாதியில் நின்றது. வரும் ஆண்டின் முதல் கூட்டத்தில் தொடரலாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். அடுத்த ஊராக லார்சாக் மேட்டின் லா கூவெர்த்துவாராட் முன்மொழியப்பட்டுள்ளது. அறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்