நன்றி மடல்: அப்பாவின் நெஞ்சைத் திறக்காமல் வால்வு மாற்றித் தந்தவர்களுக்கு

தண்டையார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் எங்களுக்குத் துணை நின்ற மருத்துவர், செவிலியர், உறவினர், அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் அப்பா எண்பதை நெருங்குபவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதையும் தலை சுற்றியதையும் நாங்கள் முதுமை என்றே நினைத்திருந்தோம். இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் பெருந்தமனி வால்வு, சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது என்பதை எக்கோ பரிசோதனைதான் காட்டியது. இறுகிய வால்வை மருந்தால் திறக்க இயலாது. நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டுப் புது வால்வைத் தைப்பதே வழக்கமான சிகிச்சை. அப்பாவுக்கோ ஏற்கெனவே பைபாஸ் நடந்திருந்தது. நுரையீரலும் சிறுநீரகமும் தளர்ந்திருந்தன.

முதல் நன்றி, அறுவை செய்ய வேண்டாம் என்று சொன்ன அறுவை மருத்துவருக்கு. "வால்வை என்னால் மாற்ற முடியும், ஆனால் ஐயா அதைத் தாங்கி எழுந்து நடப்பார் என்று உறுதி சொல்ல முடியவில்லை" என்று கூறி, இதயநோய் மருத்துவரிடம் அவரே எங்களை அழைத்துச் சென்றார். தம் கைத்திறனைவிட நோயாளியின் உயிரைப் பெரிதாக எண்ணிய அந்த நேர்மைக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மடித்து வைத்த வால்வைப் பழைய வால்வுக்குள்ளேயே விரிக்கும் 'டாவி' முறையை இதயநோய் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பிரான்சின் ரூவான் நகரில் 2002-ஆம் ஆண்டு மருத்துவர் அலேன் கிரிபியே குழாய் வழியாக வால்வு பொருத்துவதை முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்தபோது, அந்த நோயாளியும் அறுவையைத் தாங்க முடியாத நிலையில் இருந்தவர்தான் என்றார். டாவியைச் சோதித்து 2010-இல் வெளியான 'பார்ட்னர்' என்ற ஆய்வில், அறுவைக்கு உகந்தவர்கள் அல்லர் என்று கருதப்பட்டவர்களுள் டாவி செய்யாமல் மற்ற சிகிச்சையில் இருந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர் ஓராண்டுக்குள் இறந்தனர் என்றும், டாவி செய்துகொண்டவர்களில் இறந்தோர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்றும் சொன்னார். அதே ஆய்வில் டாவி பெற்றவர்களுக்குப் பக்கவாதம் கூடுதலாக வந்ததையும், இரத்தக் குழாய் கிழியலாம், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. தெளிந்த மனத்தோடு எங்களைக் கையெழுத்திட வைத்தது அந்த வெளிப்படைத்தன்மையே.

சி.டி. ஸ்கேனில் வால்வின் சுற்றளவையும் தொடைத் தமனியின் அகலத்தையும் அளந்தவர்களுக்கும், சிறுநீரகத்தைக் காக்க ஸ்கேன் சாயத்தின் அளவைக் குறைத்தவர்களுக்கும், நுரையீரலைக் கருதி முழு மயக்கம் தராமல் லேசான மயக்கத்திலேயே அப்பாவை வைத்திருந்த மயக்க மருத்துவருக்கும் நன்றி. இந்தச் சிகிச்சையின் வெற்றியில் பாதி அந்த முன்னேற்பாடுகளில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். சிகிச்சை முடிந்த இரவு முழுவதும் தொடைக் காயத்தில் இரத்தம் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்த செவிலியச் சகோதரிகளை அப்பா இன்றும் பெயர் சொல்லி விசாரிக்கிறார்.

வால்வின் விலை எங்கள் கைக்கு மீறியது. கேட்பதற்கு முன்பே உதவிய அப்பாவின் துறைமுகத் தோழர்களுக்கும், திருப்பித் தரும் நாள் எது என்று இதுவரை கேட்காத எதிர்வீட்டு பாய்க்கும், ஒவ்வொரு பரிசோதனைக்கும் வீட்டு வாசலில் வந்து நின்ற ஆட்டோ அண்ணனுக்கும், இரத்தம் கொடுக்க ஆயத்தமாகக் காத்திருந்த காசிமேட்டுத் தம்பிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது.

அப்பா இப்போது காலையில் தாமே நடந்து போய்ப் பால் வாங்கி வருகிறார். எல்லா இதய நோயாளிக்கும் இந்த முறை பொருந்தாது. யாருக்கு எது ஏற்றது என்பதை இதயநோய் மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். நம் பகுதியில் இதே நிலையில் தவிக்கும் குடும்பத்தினர் எந்நேரமும் எங்கள் வீட்டுக்கு வரலாம். அப்பாவின் மருத்துவக் கோப்பைக் காட்டி, தெரிந்த அனைத்தையும் சொல்கிறோம்.

நன்றியுடன்,
மகளும் குடும்பத்தினரும்,
தண்டையார்பேட்டை.