பரணில் பிளேட்டுப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு

ஐயா, அம்மா, வணக்கம்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டுப் பரணில், பித்தளை அண்டாவுக்கும் கொலு பொம்மைப் பெட்டிக்கும் நடுவில், தாத்தா காலத்துக் கிராமபோன் பிளேட்டுகள் கிடக்கின்றன. பாட்டுப் பெட்டியை யாரோ என்றைக்கோ வாங்கிப் போயிருப்பார்கள். பிளேட்டுகள் மட்டும் மிச்சம். வீட்டை இடித்துக் கட்டும் நாளில் அவை பழைய பேப்பர்காரரிடம் போகும். அதற்கு முன் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல ஆளில்லை. ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்ததை எடைக்குப் போட்டோம். பேப்பர்காரருக்கே தயக்கம். "இரும்பும் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல, இத யார் எடுப்பா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். அது அரக்கு. மரக்கிளையில் பூச்சி சுரக்கும் அதே அரக்கோடு கல்தூளும் கரியும் கலந்து அழுத்திய தட்டு. அதனால்தான் கை தவறினால் அப்பளமாக நொறுங்குகிறது. நிமிடத்துக்கு 78 சுற்று. 10 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம், போனால் இன்னும் கொஞ்சம். ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரிக்கத் தெரிந்தவர்கள் அந்த மூன்று நிமிடத்துக்குள் ஆலாபனையையும் கீர்த்தனையையும் ஸ்வரத்தையும் அடைத்துக் கொடுத்தார்கள். அதுவும் 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வரும்வரை மைக் கிடையாது. ஒரு கொம்புக் குழாய்க்குள் தலையை நீட்டி உரக்கப் பாட வேண்டும்.

1902இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பிளேட்டுக்காகப் பாடி முடித்ததும் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் சொன்னார். பெருமைக்காக அல்ல. பதிவு ஜெர்மனியின் ஹனோவருக்குக் கப்பலேறிப் போய்த்தான் பிளேட்டாக வேண்டும். அங்கே இருப்பவருக்கு இது யார் குரல் என்று தெரிய வேண்டுமே! உங்கள் பிளேட்டின் கடைசி விநாடிகளிலும் அப்படி ஒரு பெயர் ஒளிந்திருக்கலாம்.

நம் பக்கத்தில் பாடகி கோயம்புத்தூர் தாயி அந்த ஆரம்ப நாட்களிலேயே நிறையப் பாடிப் பதிந்தவர். 1917இல் காலமானார். 1912இல் இந்தியா வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாஜ் அவருடைய பிளேட்டைக் கேட்டு மயங்கி, அந்தப் பாட்டின் சாயலைத் தன் இசையிலேயே கொண்டுவந்தார். நாடக மேடையில் பாடிய எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தபோது வயது 27. தமிழில் பேசும்படம் வந்தே இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவர் குரலை நாம் இன்று கேட்க முடிவது பிளேட்டுகள் இருந்ததால்.

சரி, கிட்டப்பாவைக் காப்பாற்ற ஆள் இருக்கிறார்கள். இணையத்தில் தட்டினால் வருவார். நான் கேட்பது மற்றவர்களை. பெயரே கேள்விப்படாத ஒரு நாதஸ்வரக்காரர், ஏழெட்டுப் பிளேட்டில் முழு நாடகத்தையும் பேசிப் பாடிய செட்டில் இரண்டு மட்டும், ஒரு ஹாஸ்யப் பேச்சு. நாய் மார்க் (எச்.எம்.வி.) என்றால் எடுத்து வைக்கிறோம். ஓடியன், இன்னும் பெயர் தெரியாத லேபிள் என்றால் ஒதுக்குகிறோம். எனக்கென்னவோ தலைகீழாகச் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. கம்பெனியே இல்லாமல் போன பிறகு பிளேட்டை அச்சடித்த மூலத்தட்டை எங்கே போய்த் தேடுவது? உங்கள் பரணில் இருப்பது கடைசிப் பிரதியாகக்கூட இருக்கலாம்.

அதனால் சில விண்ணப்பங்கள். தூசி தட்ட மெல்லிய துணி போதும், தயவுசெய்து ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். தச்சர் மேஜைக்குப் பூசும் பாலிஷ், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்ததுதான். உங்கள் பிளேட்டும் அப்படியே கரையும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம், வளைந்துவிடும். பின்னால் வந்த எல்.பி. இசைத்தட்டுக்கான முள்ளில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். இதன் பள்ளம் அகலம். உடைந்திருந்தால் பசை போட்டு ஒட்டாமல் துண்டுகளை ஒரே உறையில் போட்டு வையுங்கள். அப்புறம், அதில் பூ வரைந்து சுவர்க்கடிகாரம் செய்கிறார்கள் பாருங்கள், அவர்களிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டு பக்க லேபிளையும் செல்போனில் படம் எடுங்கள். லேபிளை ஒட்டிய வழவழப்பான இடத்தில் பொறித்த எண் இருக்கும், அதையும் சேர்த்து. எந்த ஊரில், எந்தப் பதிவின்போது பாடியது என்பதை விவரம் தெரிந்தவர்கள் அந்த எண்ணைக் கொண்டுதான் துப்புத் துலக்குவார்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். பிளேட்டைக் கொடுக்க மனம் வராவிட்டால் குரலை மட்டுமாவது நகலெடுக்க விடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுங்கள். கீழே ஒருவர் நிற்கட்டும். அரக்கு கனம், பெட்டியின் அடித்தகரம் இந்நேரம் துருப்பிடித்திருக்கும்.

அன்புடன்,
எடைக்குப் போட்டுவிட்டு வருந்தும் ஒருவன்