ஊற்றுக்கண்ணை மூடிவிட்டுத் தொட்டி கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு மலைக்கிராமத்திலிருந்து எழுதுகிறேன். ஏப்ரல் பிறந்தால் போதும், நீலகிரியில் குடிநீர்த் தட்டுப்பாடு, லாரியில் தண்ணீர் விநியோகம் என்று எல்லாப் பத்திரிகைகளிலும் செய்தி வந்துவிடும். ஆனால் இந்த மலைக்குத் தண்ணீர் கொடுக்கிற ஊற்றுகளைப் பற்றி அதில் ஒரு வரி இருந்து நான் படித்ததில்லை.

எங்கள் ஊருக்கு மேலே, தேயிலை முடிந்து சோலை தொடங்குகிற இடத்தில் ஒரு ஊற்று இருக்கிறது. ஜனவரி உறைபனியில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும்போது அதில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், சித்திரை வெயிலில் அதே தண்ணீரைக் குடித்தால் பல் கூசும். பூமிக்கு அடியிலிருந்து வருவதால் தண்ணீரின் சூடு வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவுதான், வெளியே இருக்கிற நமக்குத்தான் மாறித் தெரிகிறது. அந்த மாறாத குளிர்ச்சியை நம்பியே அங்கே உயிர்கள் வாழ்கின்றன. ஒரு கல்லை மெதுவாகப் புரட்டிப் பாருங்கள், மணல் துகள்களை ஒட்டவைத்து அரிசி அளவுக்கு ஒரு குழாய் செய்து அதற்குள் ஒரு புழு இருக்கும். தண்ணீர் கெட்டால் முதலில் காணாமல் போவது இதுமாதிரி உயிர்கள்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்த ஊற்றுக்கண்ணைச் சுற்றி கான்கிரீட் தொட்டி கட்டினார்கள். ஊருக்குக் குழாயில் தண்ணீர் வரட்டும் என்ற நல்ல எண்ணம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கல், பாசி எல்லாவற்றையும் வாரி எறிந்துவிட்டு, கண் இருந்த இடத்தையே சிமென்டால் பூசிவிட்டார்கள். கொஞ்ச நாளில் மேலே இருந்த சதுப்பில் வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து, யாரோ கேரட் போட்டார்கள். அதற்கும் மேலே புல்மேட்டில் சீகை மரம் (வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில்) ஏறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு குடம் நிரம்ப ஒரு நிமிஷம்கூட ஆகாது. போன ஏப்ரலில் ஏழு நிமிஷம் ஆனது, நின்று பார்த்துத்தான் சொல்கிறேன். தொட்டி புதுசாகவே இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை.

இந்த மலையின் பாறை கெட்டியான சார்னோகைட். அதன்மேல் காலங்காலமாகச் சிதைந்து மண்ணான அடுக்கில்தான் மழைநீர் இறங்கித் தங்கி, மாதக்கணக்கில் மெதுவாகக் கசிந்து சரிவில் வெளியே வருகிறது. அதனால் ஊற்றைக் காப்பாற்ற வேண்டிய இடம் தொட்டி இருக்கிற இடம் மட்டும் இல்லை, மேலே மழை இறங்குகிற புல்வெளியும் சதுப்பும் சோலையும்தான்.

இங்கே எல்லோரும் சொல்வது, மரம் நட்டால் தண்ணீர் வரும் என்று. எந்த மரம், எங்கே நட்டது என்று கேட்க ஆளில்லை. ஊட்டி மண்வள, நீர்வள ஆராய்ச்சி மையத்தினர் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நீர்ப்பிடிப்புகளை வருஷக்கணக்கில் அளந்தார்கள். ஒன்றை இயற்கைப் புல்லாகவே விட்டு, மற்றதில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் வைத்த பக்கம் தண்ணீர் வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது, வெட்டியபின் மறுபடி துளிர்த்து வளர்ந்த சுற்றில் இழப்பு இன்னும் கூடியது. முதல் சுற்றின் கணக்கு 1988-லேயே அச்சில் வந்துவிட்டது. இதற்கு அப்புறமும் ஊற்றுக்கு மேலே இருக்கிற புல்மேட்டில் மரம் நடு விழா நடத்துவது எனக்குத் தாங்கவில்லை.

புல்வெளி என்றால் வெறும் தரிசு என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள். நீலகிரிச் சதுப்புகளின் அடியில் மக்காமல் படிந்துகிடக்கும் கரிய மண்ணை ஆர். சுகுமாரும் மற்ற விஞ்ஞானிகளும் சோதித்து 1993-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். புல்லின் கார்பனுக்கும் மரத்தின் கார்பனுக்கும் வித்தியாசம் தெரியும் என்பதால், எந்தக் காலத்தில் எது இருந்தது என்று அந்த மண்ணிலிருந்தே படிக்கலாம். கடைசிப் பனியுகத்தின்போது, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, இங்கே புல் செழித்திருந்தது. அப்படிப்பட்ட மண்ணை ஒரு பொக்லைன் ஒரே மதியத்தில் புரட்டிப் போட்டுவிட்டுப் போகிறது. தோடர்கள் கோயில் கூரை வேய்கிற புல்லும் சதுப்பில்தான் வளர்கிறது, அதைத் தேடி இப்போது எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

சிக்கிமில் 2008-லிருந்து தாரா விகாஸ் என்ற திட்டத்தில், நூறு நாள் வேலையைப் பயன்படுத்தி, ஊற்றுக்கு மழை இறங்குகிற சரிவைக் கண்டுபிடித்து அங்கே குழி வெட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். நல்ல வேலை. ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவந்து புல்வெளியில் குழி வெட்டிவிடாதீர்கள், நம் மலைக்குப் புல்லைக் காப்பதும் சீகையை எடுப்பதும்தான் முதல் வேலை. சீகையையும் ஒரே நாளில் மொட்டையடித்தால் மண்ணில் கிடக்கும் விதையெல்லாம் முளைத்து முன்பைவிட அடர்ந்துவிடும், வருஷா வருஷம் கன்றுகளைப் பிடுங்க ஆள் வேண்டும். அந்நியக் களைத் தாவரங்களுக்கென்று 2022-ல் மாநில அரசு ஒரு கொள்கையே கொண்டுவந்திருக்கிறது. அதில் ஊற்றுகளுக்கு மேலே உள்ள சரிவுகளை முதலில் எடுத்துக்கொள்ளலாமே.

சிறுபாசனக் கணக்கெடுப்பின் ஏழாவது சுற்றோடு சேர்த்து முதன்முறையாக ஊற்றுகளையும் எண்ண மத்திய அரசு முடிவு செய்திருப்பது சந்தோஷம். எண்ணினால் மட்டும் போதாது. ஏப்ரலில் ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிஷம், மேலே என்ன நிலம், என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, எல்லாம் எழுதப்பட வேண்டும். குடமும் செல்போனும் இருந்தால் பள்ளிப் பிள்ளைகளே வருஷா வருஷம் அளப்பார்கள். இது எங்கள் ஊர் விஷயம் மட்டும் இல்லை, பவானிக்கும் மாயாறுக்கும் தண்ணீர் இந்தச் சரிவுகளிலிருந்துதான் போகிறது, கீழ்பவானி வாய்க்காலில் 2,07,000 ஏக்கர் பாய்கிறது. கோபி, ஈரோடு விவசாயிகளும் இதைக் கேட்க வேண்டும்.

கணக்கெடுக்க யார் வந்தாலும் கூடவே வந்து எங்கள் ஊற்றின் கண் எது என்று காட்டுகிறேன். தொட்டிக்குப் பின்னால் ஒரு விரல் அகலத்துக்கு இன்னும் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. மார்ச்சுக்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோத்தகிரி