மாதாமாதம் பாலிஷ் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார் பராமரிப்பு பற்றி நம் நாளிதழில் வந்த குறிப்பில், பெயிண்ட் மங்காமல் இருக்க மாதம் ஒருமுறை பாலிஷ் போடச் சொல்லியிருந்தார்கள். தயவுசெய்து அதைத் திருத்தி வெளியிடுங்கள். நான் காவேரிப்பட்டினத்தில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இப்படித் தேய்த்துத் தேய்த்துக் கெட்டுப்போன வண்டிகள்தான் கடைசியில் என்னிடம் வந்து நிற்கின்றன, அதனால் எனக்கு வேலை கிடைக்கிறது என்றாலும் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அடியில் பிரைமர், அதன் மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட், இவை எல்லாம் சேர்த்தே கார் பெயிண்டின் கனம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்). அதில் வெயிலைத் தாங்குகிற கிளியர் கோட் 40, 50 மைக்ரான் இருந்தால் அதிகம். பாலிஷ் என்று போடுகிற ரப்பிங் காம்பவுண்டை, அதாவது பெயிண்டைத் தேய்த்தெடுக்கும் பசையை, மிஷினில் போட்டால் கீறல் மறைந்து பளபளவென்று வருவது உண்மை, ஆனால் கீறலைச் சுற்றியிருக்கிற கிளியர் கோட்டையும் சேர்த்துத் தேய்த்து எடுப்பதால்தான் அது மறைகிறது. எப்போதாவது, தேவைக்கு, கை தேர்ந்தவர் போட்டால் சரி. மாதாமாதம் போட்டால் அந்த அடுக்கு எத்தனை நாள் தாங்கும்? கூரையிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாக உரிய ஆரம்பித்துவிட்டால் எந்தப் பாலிஷும் உதவாது, மறுபடி பெயிண்ட் அடிப்பது ஒன்றுதான் வழி.

நம் பக்கம் வண்டி மங்குவதற்குப் பாதிக் காரணம் மேலே ஒட்டியிருக்கிற அழுக்கு. கிருஷ்ணகிரியில் சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் கூடுவதால் ராத்திரி பகல் லாரிதான், பிரேக்கில் தேயும் இரும்புத்தூள் காற்றில் வந்து பெயிண்டில் குத்தி உட்கார்ந்துகொள்கிறது. கிரானைட் குவாரித் தூசி வேறு. அதிலுள்ள குவார்ட்ஸ் துகள் கண்ணாடியையே கீறும், காலையில் காய்ந்த துணியால் வண்டியைத் துடைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மாந்தோப்பு ஓரமாக வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: பூக்கும் சமயத்தில் தத்துப்பூச்சி விடுகிற பிசுபிசுப்பு மரத்தடியில் இருக்கிற எல்லாவற்றின் மேலும் விழும், அன்றைக்கே தண்ணீர் விட்டால் போய்விடும், வெயிலில் காய விட்டால் இறுகிக்கொள்ளும். அப்புறம் தண்ணீர். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வந்தாலும் வண்டி கழுவப் பெரும்பாலும் போர் தண்ணீர்தான், வெயிலில் கழுவித் தானாகக் காய விட்டால் உப்புப் பொட்டு அப்படியே நிற்கும்.

கழுவித் துடைத்த பிறகு கையில் மெல்லிய பாலிதீன் கவரை மாட்டிக்கொண்டு பானெட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். நறநறவென்று தட்டினால் அது ஷாம்புக்குப் போகாத அழுக்கு. அதை எடுக்கத்தான் கிளே பார் இருக்கிறது, பிசைந்த களிமண் மாதிரி மெத்தென்று இருக்கும் கட்டி அது. ஒரு துண்டு பிய்த்து உள்ளங்கையில் தட்டையாக்கி, ஷாம்பு கலந்த தண்ணீரைத் தாராளமாக அடித்து, இரண்டடிக்கு இரண்டடி இடமாக, அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டினால் போதும். முதலில் இழுத்துப் பிடிக்கும், சத்தம் கேட்கும், வழுக்க ஆரம்பித்ததும் அந்த இடம் முடிந்தது என்று விட்டுவிடலாம். அழுக்கு ஏறிய பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்து புதுப் பக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வண்டி நிழலில் நிற்க வேண்டும், தகடு சூடாக இருக்கக் கூடாது, ஈரம் இல்லாமல் கிளேயை வைக்கவே கூடாது. கீழே விழுந்த கிளேயை, விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று எடுத்துத் துடைத்து மறுபடி தேய்க்காதீர்கள், ஒட்டிய மண் உங்கள் பெயிண்டில் கோடு போடும். வருடத்துக்கு ஒரு முறை, மிஞ்சிப்போனால் இரண்டு முறை செய்தால் போதும். கிளே கீறலை எடுக்காது, உப்புப் பொட்டையும் பெரும்பாலும் எடுக்காது. பொட்டு புதிதாக இருந்தால் வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்து உடனே கழுவிவிடலாம்.

கிளே போட்டால், பெயிண்டைக் காக்க மேலே பூசியிருக்கிற பழைய வாக்ஸும் (மெழுகும்) சேர்ந்து போய்விடும், அதனால் அன்றைக்கே வாக்ஸ் போட்டாக வேண்டும். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். பிரேசிலில் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகு நல்ல மினுமினுப்புத் தரும், ஆனால் நம் வெயிலுக்குச் சில வாரம், நன்றாகப் போனால் இரண்டு மாதம்தான் நிற்கும். மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை சீலன்ட் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். எதுவானாலும் மெல்லியதாகத் தடவி, மங்கலாகக் காய்ந்ததும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும். அள்ளிப் பூசினால் கூடுதல் பயன் எதுவும் இல்லை, துடைக்கத்தான் கை வலிக்கும். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளைத் திட்டு போகாது. பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் அடித்தது காரானாலும் பைக்கானாலும் அதற்குச் சாதாரண வாக்ஸ் கூடாது. பட்டறையில் புதிதாக அடித்த பெயிண்டுக்கும் உடனே கூடாது, உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வேண்டும், எந்தப் பெயிண்ட் என்பதைப் பொறுத்து 30 முதல் 90 நாள் வரை பொறுங்கள், அடித்துக் கொடுத்தவரிடமே கேளுங்கள்.

வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு உங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். வீல் துடைத்த துணியால் பாடியைத் துடைக்காதீர்கள், துணிப் பவுடர் போட்டுக் கழுவாதீர்கள், வாக்ஸ் எல்லாம் அதில் கரைந்து போகிறது. ‘பாலிஷ் போட்டுத் தரட்டுமா’ என்று கேட்கும்போது காம்பவுண்டா, வெறும் வாக்ஸா என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு மிஷினை எடுங்கள். பல பேர் வாக்ஸ் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டுகிறார்கள், தேய்ந்துபோவது அவர்கள் வண்டி.

இப்படிக்கு,
ஒரு பெயிண்டர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.