தொட்டி நிறைந்தே இருக்கும் மாப்ள

அன்பு மாப்ள,

எட்டு மாசமாகக் கடிதம் போடவில்லை, திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காய்கிறது, விலையைப் பற்றி நேரில் பேசுவோம்.

நம்ம நெட்டையனுக்குச் சர்க்கரை. கொடிவேரி அணையில் குளிக்கும்போது விலா எலும்பை எண்ணிவிடலாம் என்று நீ கேலி பண்ணுவாயே, அவனுக்குத்தான். வெறும் வயிற்றில் 96, 98 என்றே வந்ததால் மூன்று வருஷம் டெஸ்டே எடுக்காமல் விட்டுவிட்டான். இப்போது மூன்று மாத சராசரி (HbA1c என்கிற டெஸ்ட்) 7.2 சதவீதம். 6.5 தொட்டாலே சர்க்கரை நோய்தான்.

துணைக்குப் போன என்னிடம் டாக்டரம்மா சொன்னது இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது. சர்க்கரையை இறக்குகிற இன்சுலினுக்கு உடம்பு மசியாமல் போனால் கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளிக்குமாம். சர்க்கரை அளவு வருஷக்கணக்கில் ஒழுங்காகவே தெரியும். நம்ம தோட்டத்துத் தொட்டி மாதிரி. தொட்டி நிறைந்திருக்கிறது என்று பார்ப்போமே தவிர, அதை நிறைக்க மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று யார் பார்க்கிறோம்? இலவசக் கரண்டு, பில்லும் வராது. கடைசியில் காயில் எரிகிற அன்றைக்குத்தான் தெரியும்.

அன்றே நானும் ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 94, நல்ல பிள்ளை. இன்சுலின் 18. இரண்டையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் 4.2 வருகிறது; உடம்பு இன்சுலினுக்கு எவ்வளவு மசியவில்லை என்று காட்டுகிற கணக்காம் இது. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறுமாம், ஆனாலும் இரண்டரையைத் தாண்டினாலே யோசிக்கணும் என்றார். ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 212, நல்ல கொழுப்பு (HDL) 34. அதைப்போல இது ஆறு மடங்கு! மூன்றுக்கு மேலேயே சந்தேகம்தானாம். ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் ஊர்க்காரர்களின் ரத்தத்தை வைத்து 2011-ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. லியூசின், வேலின் மாதிரி ஐந்து அமினோ அமிலங்கள், சர்க்கரை வருவதற்கு 12 வருஷம் முன்பே சிலருக்குக் கூடி நின்றதாம். அந்த டெஸ்ட் நம்ம ஊர் லேபில் கிடைக்காது, வேண்டியதும் இல்லை. பன்னிரண்டு வருஷம் மாப்ள! அத்தனை அவகாசம் கொடுத்துத்தான் வருகிறது. சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. சர்க்கரை நோய் வரும் எல்லையில் நின்றவர்கள் நடையாலும் சாப்பாட்டாலும் மட்டுமே ஆபத்தைக் கால்வாசிக்கு மேல் குறைத்திருக்கிறார்கள். நான் விடியற்காலையில் வாய்க்கால் மேட்டில் நடக்கிறேன்.

உங்கய்யனுக்குச் சர்க்கரை, அத்தைக்கும் சர்க்கரை. நீயோ நைட் ஷிஃப்ட், மணிக்கொரு டீ. "எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று ஆரம்பிக்காதே. நெட்டையனும் இதையேதான் சொன்னான். உன் கட்டிங் டேபிளில் கிடக்கிற இஞ்ச் டேப்பை எடு. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபிறகு அளந்து பார். நமக்கு எல்லை 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தஞ்சரை இஞ்ச். வயிற்றை எக்காதே, எனக்குத் தெரியும் உன்னை.

அப்புறம், மாரியம்மன் நோம்பிக்கு வரும்போது இன்சுலின், கொழுப்பு, மூன்று மாத சராசரி மூன்றும் எடுத்து ரிப்போர்ட்டோடு வா. அம்மிணிக்கும் சேர்த்து எடு. ஒப்புட்டு சுடச் சொல்கிறேன், ஆளுக்கு ஒன்றுதான்.

உன் மச்சான்