தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு கோடு: சென்னை மாநகராட்சிக்குத் திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சி மேயருக்கும் ஆணையருக்கும் வணக்கம்.

மேம்பாலத் தூண்களிலும் பொதுச் சுவர்களிலும் நீங்கள் படம் வரைய வைப்பது எனக்குப் பிடிக்கும். அந்தச் சுவர்களுக்கு இன்னொரு வேலையும் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் எங்கள் சைதாப்பேட்டை வீட்டுக்குள் வந்தது. வடிந்த பிறகு கூடத்துச் சுவரில், சுவிட்ச் போர்டுக்கு நாலு விரல் மேலே, பழுப்பாய் ஒரு சேற்றுக் கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி அவ்வளவு நேர். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்த்தார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை என்ற செய்தி யாருக்கும் உறைக்கவில்லை. அந்தக் கோடு உறைத்தது. அப்புறம் ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தோம். இப்போது கீழ்வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அங்கே தண்ணீர் நின்றதே தெரியாது.

நியூயார்க்கில் ஈவ் மோஷர் என்ற கலைஞர் 2007இல் ஒரு காரியம் செய்தார். மைதானத்தில் கோடு போடும் தள்ளுவண்டியில் நீலச் சுண்ணப்பொடியை நிரப்பிக்கொண்டு, கடல்மட்டத்திலிருந்து 10 அடி உயரத்தில் தண்ணீர் எங்கெங்கே தொடும் என்று மன்ஹாட்டன், புரூக்ளின் தெருக்களில் கோடு இழுத்துக்கொண்டே நடந்தார். ஏறக்குறைய 70 மைல். என்ன செய்கிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் நின்று பேசினார். 2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது பல இடங்களில் வெள்ளம் அந்தக் கோட்டை ஒட்டியே வந்தது.

ரீடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018இல் வெளியிட்ட, புவி சூடாவதைக் காட்டும் வண்ணப் பட்டைகளும் இப்படித்தான். இடமிருந்து வலமாக வருஷத்துக்கு ஒரு பட்டை. குளிர்ந்த வருஷம் நீலம், சூடான வருஷம் சிவப்பு. எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. அம்மாவிடம் காட்டினேன். "வலது பக்கம் எரியுதே" என்றார்.

2023இல் நீங்கள் வெளியிட்ட காலநிலைச் செயல் திட்டத்தை எங்கள் தெருவில் படித்தவர் யாரும் இல்லை. சுவரில் இருந்தால் படிப்பார்கள். அடையாற்றங்கரை வார்டுகளில், பள்ளிச் சுவரிலும் ரேஷன் கடையிலும் பாலத் தூணிலும், 2015இல் தண்ணீர் நின்ற உயரத்தைத் தேதியோடு ஒரே நிறக் கோடாகப் போடுங்கள். கடலோரத்தில் கடல்மட்டத்துக்கு வேறு நிறம். இரண்டையும் கலக்கவே கூடாது. 2015 மழைக்குப் புவி சூடாவதுதான் காரணமா என்று ஆராய்ந்த விஞ்ஞானிகள், அப்படிச் சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை என்றுதான் எழுதினார்கள். கோட்டிலும் அந்த நேர்மை வேண்டும். ஆனால் 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. அது ஏறக்குறைய ஒரு படிக்கட்டின் உயரம். கடலோரப் பள்ளிகளில் முதல் படிக்கு மட்டும் நீலம் அடித்தாலே போதும். பிள்ளைகள் தினமும் அதில் கால் வைத்துத்தான் வகுப்புக்குப் போவார்கள்.

உயரத்தைப் பொறியாளர்கள் அளந்து கொடுக்கட்டும். வரைவதற்கு, ஃபிளெக்ஸ் வந்ததும் பிழைப்பை இழந்த பேனர் ஓவியர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் கை இன்னும் நடுங்காது.

ஜனங்கள் பயப்படுவார்கள், வீட்டு வாடகை குறையும் என்று சொல்வார்கள். சரி, பயப்படட்டும். அந்தக் கோட்டைப் பார்த்துப் பத்திரத்தையும் ரேஷன் கார்டையும் பரண் மேல் ஏற்றி வைப்பார்கள், இல்லையா?

எங்கள் மதில் தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது. முதல் கோட்டை அதிலேயே போடுங்கள். உயரத்தை நான் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
சைதாப்பேட்டைவாசி ஒருவர்