சக்கரம் சுற்றிய அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று இரவு நாவலின் கடைசி அத்தியாயத்தை முடித்தேன். மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்தில் வைத்துவிட்டுத்தான் படுக்கப் போனேன். தூக்கம் வரவில்லை, எழுந்து இதை எழுதுகிறேன். மார்ச் மாதம் அதுவரை எழுதியதெல்லாம் தொலைந்துபோனது உங்களுக்கே தெரியும். அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை.

பழைய மின்னஞ்சல்களைத் தோண்டி, நான் எப்போதோ அனுப்பிய அத்தியாயங்களைத் தேடித்தந்தவர்கள், வாட்ஸப்பில் கிடந்த படங்களைப் பார்த்து ராத்திரி முழுக்கத் தட்டச்சு செய்தவர்கள், ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. பப்புவா நியூகினியிலிருந்து பிரிந்துபோகக் கேட்கும் பூகன்வில் தீவைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்து அனுப்பிய நண்பருக்குத் தனியாக ஒரு நன்றி. என் நாவலில் வரும் தீவும் அதன் நாடும் எந்த வரைபடத்திலும் இல்லாதவை. ஆனால் அங்கே மக்கள் ஏன் பிரிந்துபோகக் கேட்கிறார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு கொடியும் நாலு கோஷமும்தான் இருந்தன. பூகன்வில்லின் பாங்குனா செப்புச் சுரங்கம் அந்த மண்ணையும் ஆற்றையும் என்ன செய்தது, அங்கே பல இடங்களில் நிலம் பெண்வழியாக வருவதால் யாருடைய சொல்லுக்கு மதிப்பு, முற்றுகைக் காலத்தில் தேங்காய் எண்ணெயில் எப்படி வண்டி ஓட்டினார்கள் என்பதெல்லாம் அவர் குறிப்பிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். 2001-ல் அமைதி ஒப்பந்தம் ஆன பிறகும் பிரிவது பற்றிய வாக்கெடுப்புக்கு அவர்கள் 2019 வரை காத்திருந்தார்கள். என் கதையில் வரும் கிழவி காத்திருக்கக் கற்றுக்கொண்டது அதைப் படித்த பிறகு.

சரி, அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், இப்போது வேறு நாட்டில் இருக்கிறார். ஏழாம் அத்தியாயம் அவரிடம் மட்டும்தான் தப்பியிருந்தது. அச்செடுத்து வைத்திருந்த அந்தத் தாள்களைப் படம் பிடித்து அனுப்பினார். ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தது: "தம்பி, பற்றரிக்குத் தடை எண்டு மூண்டாம் அத்தியாயத்தில எழுதியிருக்கிறீர். இஞ்ச றேடியோ எதில ஓடுது?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் தீவில் முற்றுகை நடக்கிறது, கரண்ட் இல்லை, பேட்டரி கிடையாது, ஆனாலும் ஒரு குடும்பம் வட்டமாக உட்கார்ந்து செய்தி கேட்கிறது. எழுதும்போது எனக்கு அது உறைக்கவே இல்லை. எனக்குத் தெரியவில்லை என்று அவருக்குப் பதில் எழுதினேன்.

மூன்று நாள் கழித்து ஒரு ஒலிப்பதிவு வந்தது, இரண்டு நிமிடம்கூட இருக்காது. முதலில் சங்கிலி ஓடும் சத்தம். அப்புறம் டயரில் டைனமோ உரசுகிற அந்த ரீங்காரம். அதற்கு மேலே யாரோ எங்கேயோ பேசுகிற வானொலிக் குரல். சக்கரம் தளரத் தளர அந்தக் குரல் தேய்ந்து, கரகரத்து, அடங்கிப்போகிறது. மறுபடி மிதி சுற்றுகிறது, குரல் மேலே வருகிறது. கடைசியில் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறார்: "இதுதான் தம்பி, இப்பிடித்தான் நாங்கள் தமிழோசை கேட்டனாங்கள்."

தமிழோசை என்றால் பிபிசியின் தமிழ் வானொலி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் இப்படித்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். அவர்கள் வீட்டில் சுற்றுகிற வேலை எட்டு வயதுத் தம்பிக்கு. அவன் கை வலித்து நிறுத்துகிற இடமெல்லாம் அன்றைய செய்தியில் ஓட்டையாகிவிடும், அந்த ஓட்டைகளை அப்பாவே ஊகித்து நிரப்பிச் சொல்வார் என்றார் அக்கா. எனக்கு அதைக் கேட்கச் செய்வதற்காக, இத்தனை வருடம் கழித்து, முன்பின் பார்த்திராத ஒருவனுக்காக, யாரிடமோ பழைய சைக்கிளும் டைனமோவும் கடன் வாங்கி, முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து சுற்றியிருக்கிறார்.

அந்தத் தம்பி இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஏழாம் அத்தியாயத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். அதில் இருந்த துப்பாக்கிச் சண்டை இப்போது இல்லை. ஒரு பையன் சக்கரம் சுற்றுகிறான், அவ்வளவுதான். அந்தப் பையன் வந்த பிறகு மற்ற அத்தியாயங்களும் தாமாகவே மாறின. போராளிகள் மலையிலிருந்து இறங்கும்போது அவர்களுக்குச் சோறு போட்ட வீட்டில் மறுநாள் என்ன மிச்சம் இருந்தது என்று கேட்காமல் என்னால் ஒரு பக்கம் நகர முடியவில்லை. இனி எழுதப்போகும் எதிலும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மாட்டேன், இது உங்கள் எல்லோர் முன்னாலும் நான் சொல்லும் வாக்கு.

அக்கா, புத்தகம் அச்சுக்குப் போகும் முன் அந்த அத்தியாயம் உங்களுக்குத்தான் வரும். பென்சிலோடு படியுங்கள். வேண்டாம் என்று நீங்கள் சொல்லும் வரி எதுவாக இருந்தாலும் எடுத்துவிடுகிறேன். சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் சொந்தக்காரருக்கும் என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.